சாறனுக்கும் குடி கேப்பான்

மருமகள், உன்ட ஃபேஸ்புக் கடையைப் பாத்தன். பேரன் போனைத் தூக்கிக் காட்டினான். மருதமுனைக் கைத்தறிச் சாறன், பனையோலைப் பெட்டி, பன்பாய், கஜு எல்லாம் வடிவா அடுக்கியிரிக்கு. அதுக்கு மேல ஒரு வரி: “உலகமெங்கும் இலவச டெலிவரி.” மண்டூரில பாதையில ஏறி, குருமண்வெளியில இறங்கி, களுவாஞ்சிக்குடித் தபால் கந்தோருக்குப் போய் வரவே உனக்கொரு பகல் போகுது. டொரன்டோவுக்கு மட்டும் இலவசமாம்! பெரிய மனசுகா உனக்கு. உன்ட கொப்பனுக்கும், அதான் என்ட மச்சானுக்கும், இப்பிடித்தான் மனசு. அந்த மனசாலதான் மேட்டுவட்டை வயல் இப்ப வேற ஆளிட பேரில இரிக்கு.

எனக்குப் படிப்பில்லை. தெரிஞ்சது எருமையும் வயலும். ஆனா பெத்த மூண்டும் மூண்டு நாட்டில குடியிரிக்கு: கனடா, லண்டன், சுவிஸ். இஞ்ச இருந்து போற பார்சல் ஒவ்வொண்டும் போய்ச் சேந்த அண்டைக்கு எனக்குத்தான் போன் வரும். “அப்பா, வாசல்ல வந்து நிண்டு சல்லி கேக்கிறான்” எண்டு. படுவான்கரையில குந்திக்கொண்டே மூண்டு நாட்டுச் சுங்கத்தோடயும் பறைஞ்ச ஆள் நான். அதால ஒள்ளுப்பம் சொல்லுறன், கேளு.

நீ கனடாவுக்கு 50 டொலர் சாறன் விக்கிறாய் எண்டு வை. தபாலில வாற சாமான் 20 கனடா டொலருக்கு மேல போனா அங்க வரிதான். உடுப்புக்கு இறக்குமதித் தீர்வை 18 வீதம் வரைக்கும் போகும். 18 விழுந்தா 9 டொலர். மறுகா அந்த 59 டொலருக்கும் ஒன்ராறியோவில 13 வீத விற்பனை வரி. அது 7 டொலர் 67 சதம். அதோட முடிஞ்சுதா? கனடாத் தபால்காரன் சுங்க வேலை பாத்ததுக்கெண்டு பார்சலுக்கு 9 டொலர் 95 சதம் பல வருசமா வாங்கினவன். கூட்டிப் பார், 26 டொலர் 62 சதம். சாறனுக்குப் பாதிச் சாறன் கூலி. கனடாவில இரிக்கிற உன்ட மச்சாள் அதைக் கட்டிப்போட்டு ஆரைத் திட்டுவாள்? தபால்காரனையோ? உன்னைத்தான் திட்டுவாள், அதுவும் எனக்குப் போன் எடுத்துத் திட்டுவாள்.

அதால “இலவசம்” எண்ட சொல்லை அழிச்சுப்போட்டு, வரி ஆர் தலையில எண்டு எழுது. ரெண்டு வழிதான் இரிக்கு. வாங்குறவர் வாசல்ல கட்டுறது ஒண்டு. அப்பிடியெண்டா எவ்வளவு வரலாம் எண்டு முன்கூட்டியே சொல்லிப்போடு. நீயே கட்டி அனுப்புறது மற்றது. அப்பிடியெண்டா விலையில ஏத்து. ரெண்டும் இல்லாம வாயை மூடிக்கொண்டு அனுப்பினா, வாங்கினவள் கதவைச் சாத்துவாள், பார்சல் திரும்பும். திரும்பி வந்த சாறன் கட்டுநாயக்காவில இறங்கினா அது இறக்குமதிச் சாமான். அது உன்ட சொந்தச் சாறன்தான் எண்டு நிறுவ, போகேக்க எழுதின கடதாசி வேணும். அந்தக் கடதாசியில நீ கஜு வறுத்துச் சுத்திக் குடுத்திருப்பாய்.

இப்ப உன்ட அடுத்த கெட்டித்தனம். பார்சலில ஒட்டுற சி.என். 22 துண்டில “பரிசு” எண்டு கோடு போட்டிருக்கிறாயாம். விலை 10 டொலராம். ஆர் சொல்லித் தந்தது? பரிசுக்குச் சலுகை இரிக்கு, இல்லை எண்டு சொல்லேல்லை. கனடாவில 60 டொலர், லண்டனில 39 பவுண், சுவிசில 100 பிராங் வரைக்கும் விடுவான். ஆனா அது ஒரு மனிசன் இன்னொரு மனிசனுக்குச் சும்மா அனுப்புறதுக்கு. நீ ஃபேஸ்புக்கில விலை போட்டு, பாங்கில சல்லி வாங்கி, மறுகா அதைப் பரிசு எண்டா, சுங்கத்தில இருக்கிறவனுக்கும் ஃபேஸ்புக் இரிக்குகா. பிடிபடாமப் போனாலும் இன்னொரு வினை இரிக்கு. பார்சல் துலைஞ்சா நீ எழுதின விலைக்கு மேல நட்டஈடு கேக்கேலா. 10 எண்டு எழுதின வாயால 50 எண்டு எப்பிடிக் கேப்பாய்?

வந்து இறங்கிறதைப் பாத்துக் கேள்வி கேக்கிறது புதுசும் இல்லை. 1602இல ஒல்லாந்தன் ஸ்பில்பேர்கன் மிளகு வாங்க நம்மட மட்டக்களப்பில வந்து இறங்கினவன். ஊர்த் தலைவன் உடனே கண்டி ராசாவிட்டப் போக விடேல்லை. நீ போர்த்துக்கேயப் பறங்கியோ எண்டு துருவிப் போட்டுத்தான் வழி விட்டவன். அந்த ஆளுக்கே அப்பிடியெண்டா உன்ட சாறனுக்கு என்ன தனி மரியாதை?

சாமானுக்குப் பேர் எழுதிறதிலயும் நீ பிசகு. “துணி”, “கைவினை” எண்டு எழுதினா ஒருத்தனுக்கும் விளங்காது. நம்மட கோயில் திருவிழாவில பாத்திருப்பாய்தானே. ஆள் ஆரெண்டாலும் முதல்ல என்ன குடி, எந்தத் தாய்வழி எண்டுதான் கேப்பாங்க. உலகிப்போடியா, காலிங்காவா எண்டு தெரிஞ்சாத்தான் எந்த வரிசை, எந்த மரியாதை எண்டு தீரும். சாமானுக்கும் அப்பிடி ஒரு குடி இரிக்கு. எச்.எஸ். கோட் எண்டு சொல்லுவாங்க. முதல் ஆறு இலக்கமும் உலகம் முழுக்க ஒண்டுதான். பனையோலைப் பெட்டி 4602ஆம் தலைப்புக்குள்ள போகும், பாய் 4601, தேன் 0409, கருவாடு 0305. சாறனுக்கு அது பருத்தியோ கலப்போ, தறியில நெய்ததோ பின்னினதோ, தைச்சதோ தைக்காததோ எண்டு பாத்துத்தான் குடி தீரும். நீ குடி சொல்லேல்லை எண்டா அங்க இரிக்கிறவன் தானா ஒரு குடி வைப்பான். கூடின வரி விழுற குடியா வைச்சா நீ போய் வழக்காடேலா.

பனையோலைப் பெட்டியை இன்னும் விடேல்லை நான். கையில தூக்கினா காத்து மாதிரி. ஒரு கிலோவும் வராது. அதால அனுப்புற கூலி குறையும் எண்டு கணக்குப் போட்டாய் என்ன? கூரியர்காரன் தராசோட மட்டும் வாறதில்லை, அளவு நாடாவோடயும் வாறான். 40 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 30 உயரம், பெருக்கினா 48,000. அதை 5,000 ஆல பிரிப்பான். 9.6 வரும். ஒரு கிலோவும் வராத பெட்டிக்கு 9.6 கிலோக் கூலி, மருமகள்! உள்ளுக்கு இரிக்கிற காத்துக்கு நீ விமானச் சீட்டு எடுத்துக் குடுக்கிறாய். பின்னித் தாறவளுகளிட்டச் சொல்லு, ஒண்டுக்குள்ள ஒண்டு அடங்கிற மாதிரி நாலு அளவில பின்னச் சொல்லி. செட்டா வில். இல்லையெண்டா பெட்டிக்குள்ள சாறனை மடிச்சு வை. பன்பாயைச் சுருட்டி நீட்டமா அனுப்புற யோசனையை மட்டும் விட்டுப்போடு. நீளம் கூடினா அதுக்கு வேற ஒரு கூலி வைச்சிருக்கிறான்.

அமெரிக்காக்காரன் கேட்டானாம், அனுப்பவா எண்டு கேக்கிறாய். 2016இல இருந்து 800 டொலர் வரைக்கும் வரியில்லாம விட்ட நாடு. எவ்வளவு பேர் அதை நம்பிக் கடை போட்டாங்க! 2025 ஓகஸ்ட் 29இல அந்தக் கதவைச் சாத்திப்போட்டாங்க. உடன 88 தபால் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குத் தபால் எடுக்கிறதை முழுசாவோ பாதியாவோ நிப்பாட்டினது. சாத்தின அண்டைக்குப் போன தபால், ஒரு கிழமைக்கு முந்திப் போனதை விட 81 வீதம் விழுந்தது. இலங்கைச் சாமானுக்கு அந்த வருசம் ஏப்ரலில 44 வீதம் எண்டாங்க, யூலையில 30 எண்டாங்க, ஓகஸ்டில 20 எண்டாங்க. சந்தையில கத்தரிக்காய் விலையும் இப்பிடி ஆடாது. அனுப்புற அண்டைக்குக் கேட்டுப்போட்டு அனுப்பு. போன மாசக் கணக்கு அமெரிக்காவுக்கு உதவாது.

லண்டன்காரங்கட விசயம் வேற. 135 பவுணுக்குள்ள வாற சாமானுக்கு 2021 ஜனவரியில இருந்து 20 வீத வற் வரியை விக்கிறவரே விக்கிற நேரம் எடுத்து அந்த அரசுக்குக் கட்டவேணும். ஈபே மாதிரிச் சந்தையில வித்தா அந்தச் சந்தையே எடுத்துக் கட்டிப்போடும். வட்ஸ்அப்பில பேசி வித்தா அங்க பதிய வேண்டியது நீதான். சந்தைக்காரன் கமிசன் கூட எடுக்கிறான் எண்டு முணுமுணுக்கிறாய். அவன் உனக்காக லண்டன் கந்தோரில வரிசையில நிக்கிறான் எண்டதையும் யோசி.

என்னட்டக் கேட்டா நீ சுவிசைத்தான் முதல்ல பாக்கவேணும். சின்ன மகன் அங்க இரிக்கிறான் எண்டதுக்காகச் சொல்லேல்லை. 2024 ஜனவரி 1இல இருந்து தொழிற்சாலைப் பொருளுக்கெல்லாம் இறக்குமதித் தீர்வையை எடுத்துப்போட்டாங்க. துணியும் அதுக்குள்ள அடக்கம். வரியில மிச்சம் 8.1 வீத வற் மட்டும்தான். அதிலயும் வரி 5 பிராங்குக்குக் கீழ வந்தா எடுக்கிறதில்லை. கணக்குப் போட்டா தபால் கூலியும் சேத்து 61, 62 பிராங் வரைக்கும் சும்மா போகும். ஒரு சாறன் அதுக்குள்ள அடங்கும். ரெண்டு சாறன் கேட்டா ரெண்டாப் பிரிச்சு அனுப்புவம் எண்டு கள்ளச் சிரிப்புச் சிரியாத. தபால் கூலி ரெண்டு தரம் போகும், அதைப் பாரு.

கனடாவில கனபேர் கேக்கிறாங்க எண்டா ஒவ்வொண்டா அனுப்பிறதை விடு. 12 சாறன் 12 பார்சலாப் போனா அந்த 9 டொலர் 95 சதம் மட்டும் 119 டொலர் 40 சதம். ஒரே பெட்டியில கட்டி, அங்க ஒருத்தர் பேரில சுங்கம் கழிச்சு, உள்ளூர்த் தபாலில பிரிச்சுக் குடுத்தா சுங்க முகவர் கூலி ஒரு தரம்தான். அந்த ஒருத்தர் உன்ட மச்சாளா இருக்கலாம். சும்மா செய்வாள் எண்டு மட்டும் நினையாத. அவள் என்ட மகள். முகவரிட்ட விலை கேக்கேக்க மொத்தம் எவ்வளவு எண்டு கேக்காத, பிரிச்சுக் கேளு. சுங்கம் கழிக்கிற கூலி எவ்வளவு, உனக்காக வரியை முன்னுக்குக் கட்டிறதுக்கு எவ்வளவு, களஞ்சியத்தில கிடந்தா நாளுக்கு எவ்வளவு. மூண்டாவதைச் சொல்லமாட்டாங்க. அதைத்தான் ரெண்டு தரம் கேக்கவேணும். கூரியரில போனா வாங்கிறவர் தானே சுங்கக் கந்தோருக்குப் போய் வரி கட்டி எடுத்து முகவர் கூலியை மிச்சம் பிடிக்கவும் கனடாவில வழி இரிக்கு, கூரியர்காரனுக்கு முதலே சொல்லிப்போட்டா. ஆனா ஜனவரிப் பனியில ஆர் போறது?

தேன், கருவாடு, கஜு கேக்கிறவங்களுக்கு இப்போதைக்கு இல்லை எண்டு சொல்லு. சாப்பாட்டுச் சாமானைக் கனடாவில இறக்கி விக்கிறதுக்கு, 2019இல வந்த சட்டப்படி, இறக்குமதி செய்யிறவருக்கு லைசன்ஸ் வேணும். அமெரிக்காவுக்கு முன்னறிவித்தல் குடுக்கவேணும். சாறனில கை பழகட்டும், மறுகா பாப்பம். லண்டன் மகள் சட்டித் தயிர் கேட்டு அழுறாள். பால் சாமானை அங்க விடமாட்டாங்க எண்டு எத்தினை தரம் சொன்னாலும், “நீங்க கட்டுற விதத்தில கட்டினாத் தெரியாது அப்பா” எண்டுறாள். என்ட ரத்தம்தானே, என்ன செய்ய.

சரி, இவ்வளவு நேரம் பறைஞ்சதுக்குக் கூலி இல்லையா? அந்த நீலக் கோடு போட்ட சாறனில ஒண்டை எடுத்துவை. அதில வேணுமெண்டாப் “பரிசு” எண்டு எழுது, சுங்கத்தில ஆரும் கேட்டா நான் வந்து சாட்சி சொல்லுறன்.