ஆண்டவனுக்கு நாலாவது இடம்

கப்பலில் சரக்கு ஏற்றியதும் கையில் தரும் சீட்டுக்குப் பில் ஆஃப் லேடிங் என்று பெயர். பழைய இங்கிலாந்தில் அது பாதி ரசீது, பாதி பிரார்த்தனை. 'ஆண்டவன் அருளால்' என்று ஆரம்பிக்கும். அவரே கப்பலைக் கரை சேர்க்கட்டும் என்று வேண்டி 'ஆமென்' போட்டு முடியும். நடுவில் இத்தனை மூட்டை, இத்தனை பீப்பாய், இவ்வளவு கூலி.

பக்தி கப்பல்காரரைக் காப்பாற்றவில்லை. ஆண்டவன் செயல், அரசரின் எதிரிகள் என்று சட்டம் ஏற்ற சாக்கு இரண்டே இரண்டு. மற்றபடி சரக்கு போனால் காசை வை.

19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கம்பெனிகள் கொழுத்ததும் பிரார்த்தனை சுருங்கியது, பொடி எழுத்து பெருகியது. தீ, கொள்ளை, கசிவு, துரு, மாலுமியின் திருட்டு, கேப்டனின் கவனக்குறைவு, எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல. அப்படியானால் எதற்குத்தான் பொறுப்பு? கூலியைத் தவறாமல் வாங்கிக்கொள்வதற்கு. வியாபாரி லண்டனில் வழக்குப் போட்டால், ஒப்பந்தச் சுதந்திரம் புனிதமானது, சீட்டை வாங்கியது நீர்தானே என்றார்கள் நீதிபதிகள். வேறு கப்பலில் ஏற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்தக் கப்பலிலும் அதே சீட்டுதான்.

அமெரிக்காவுக்குச் சரக்கு நிறைய, சொந்தக் கப்பல் குறைவு. ஆகவே முதலில் வயிறெரிந்தது அங்கேதான். 1893-இல் ஹார்ட்டர் சட்டம் வந்தது. சரக்கை ஏற்றுவதிலும் பார்த்துக்கொள்வதிலும் அலட்சியமாக இருந்துவிட்டுச் சீட்டைக் காட்டித் தப்ப முடியாது என்றது.

1924-இல் பிரஸ்ஸல்ஸில் நாடுகள் கூடி, கப்பல்காரரின் பொறுப்பை வரையறுக்கும் ஹேக் விதிகளில் கையெழுத்திட்டன. கப்பல்காரருக்கு 17 விலக்குகள்! பட்டியலின் தலையில் யார்? கேப்டன். அவர் கப்பலைத் தவறாக ஓட்டிப் பாறையில் ஏற்றினாலும் முதலாளிக்குப் பொறுப்பில்லை. அடுத்து தீ, பிறகு கடலின் ஆபத்துகள். முன்பு சீட்டின் முதல் வரியில் இருந்த ஆண்டவனுக்கு நாலாவது இடம்தான் கிடைத்தது. பொறுப்பு ஏற்க நேர்ந்தாலும் மதிப்பை முன்பே எழுதித் தராத பொட்டலத்துக்கு 100 பவுன்தான் உச்சவரம்பு. மறு ஆண்டே இந்தியாவும் இதைச் சட்டமாக்கிக்கொண்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாட்டுக்கு வேறு வழி?

பதிலுக்குக் கப்பல்காரர் செய்ய வேண்டியது, புறப்படும்முன் கப்பல் கடலுக்குத் தகுதியாக இருக்கிறதா என்று முறையாகப் பார்ப்பது. 1950-களில் மன்காஸ்டர் காசில் என்ற கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து மாட்டு நாக்குப் பெட்டிகளோடு லண்டன் வந்தது. வழியில் கடல்நீர் புகுந்து நாக்குகள் நாசம். பழுதுபார்த்த ஃபிட்டர் வால்வு மூடியின் நட்டுகளைச் சரியாக முறுக்கவில்லை. 'பேர்பெற்ற பட்டறையில்தானே கொடுத்தோம்' என்றார்கள் கப்பல் முதலாளிகள். பட்டறை யாருடையதானாலும் கப்பல் உங்களுடையது, பணத்தைக் கட்டுங்கள் என்றது பிரபுக்கள் சபை.