கையெடுப்பியல்: கல்மேல் கல் வைப்பது குறித்த ஒரு சிற்றாராய்ச்சி

பாயிரம்

கல்லின்மேல் கல்லை வைப்பது எவ்வளவு பழைய தொழிலோ, அதைப் பற்றிச் சாஸ்திரம் எழுதுவது அவ்வளவு புதிய தொழில். கோயில் எழுப்பினவர்களும், கோட்டை கட்டினவர்களும், கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வைத்தவர்களும் கல்லை வைப்பதில் வல்லவர்களாயிருந்தார்கள். வைத்த கல் விழாதிருக்கச் சுண்ணாம்பையும் சாந்தையும் ஆப்பையும் தேடினார்கள். அவர்கள் கவனமெல்லாம் வைப்பதிலேயே இருந்தது. வைத்த பிறகு கையை எடுப்பது என்னும் செயலைத் தனியே பிரித்து, அதற்குக் கலை என்று ஒரு பெயரும் தியானம் என்று மற்றொரு பெயரும் சூட்டி, ஆற்றங்கரையிலே நாலு பேர் கூடிநின்று பார்க்கும்படி நிகழ்த்திக் காட்டினவர்கள் நம் காலத்தவரே. அந்தக் கையெடுப்புக்கு ஓர் இலக்கணம் இல்லாத குறையை எண்ணிப் பல இரவுகள் தூங்காமல் இருந்தேன் என்று சொல்லமுடியாது. ஆயினும் ஒரு மத்தியான்னத் தூக்கம் கெட்டது உண்மை.

சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்கவேண்டும் என்பது நன்னூலார் விதி. அவற்றுள் ஆக்கியோன் பெயரை அடக்கம் கருதி விட்டுவிடுகிறேன். வழி, முன்னூல் இல்லாமையால், தனிவழி. யாப்பு வசனம். நூற்பெயர் கையெடுப்பியல், தமிழில் கையெடுத்தல் என்பதற்கு விலக்கிக்கொள்ளுதல் என்றும், கும்பிடுதல் என்றும் இரண்டு பொருள் வழங்குவதைப் படிப்பவர் நினைவில் வைத்திருப்பாராக. நுதலிய பொருள் கல். கேட்போர், கையில் அவசர வேலை இல்லாதவர். பயன் கடைசியில் தானே விளங்கும். விளங்காவிட்டால் அது கேட்போர் குற்றமேயன்றி நூலின் குற்றமாகாது.

எஞ்சி நிற்பது எல்லை. இரண்டு கற்கள் சேர்ந்த கணத்தில் தொடங்கி, அவை விழும் கணத்தில் இவ்வாராய்ச்சி முடிவடையும். மாமல்லபுரத்துச் சரிவில் பல நூற்றாண்டுகளாக உருளாமல் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையை ஏன் விட்டுவிட்டீர் என்று கேட்பவர்களுக்கு விடை இது: அதை வைத்தவரும் இல்லை, வைத்துக் கையை எடுத்தவரும் இல்லை, யானைகளைப் பூட்டி அகற்றப் பார்த்தார்கள் என்ற கதை மட்டுமே உண்டு. கையே இல்லாத இடத்தில் கையெடுப்பு ஏது?

வரலாறு

எந்தப் பொருளையும் பழமையிலிருந்து தொடங்குவது ஆராய்ச்சியாளர் மரபாகையால், நானும் அவ்வாறே தொடங்குகிறேன். பாலை நிலத்து வழிகளில் ஆறலைப்போர் அம்புக்கு இரையானவர்கள்மேல் கற்களைக் குவித்த பதுக்கைகளைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். மலைக்கோயிலுக்குப் படியேறுகிறவர்கள், சொந்த வீடு அமையவேண்டுமென்று வேண்டிக்கொண்டு, வழியோரத்தில் சிறு கற்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிவிட்டுப் போவதை இன்றும் காணலாம். கீழ்க்கல்லை வீடாகவும் மேற்கற்களை மாடிகளாகவும் கொள்வதால், அடுக்கின் உயரத்தைக் கொண்டே பக்தரின் ஆசையை அளந்துவிடலாம். பிள்ளைகளோ ஏழு கல்லை அடுக்கிவைத்துப் பந்தால் அடித்துச் சிதறவிட்டு, மறுபடி அடுக்கினவரே வென்றவர் என்று கூவுவார்கள்.

ஜப்பானியரின் நம்பிக்கையில் இந்த விளையாட்டே துயரமாக மாறிவிடுகிறது. பெற்றோருக்கு முன் இறந்துபோன குழந்தைகள், மறுமை ஆற்றின் கரையாகிய சாய் நோ கவாராவில், பெற்றோரின் புண்ணியத்துக்காகக் கூழாங்கற்களை அடுக்குகின்றன என்றும், அடுக்க அடுக்க அரக்கர்கள் வந்து தட்டிவிடுகிறார்கள் என்றும், ஜிஸோ என்னும் போதிசத்துவர் அக்குழந்தைகளைத் தம் அங்கியில் மறைத்துக் காக்கிறார் என்றும் சொல்வார்கள். தென் கொரியாவின் மாயி மலையடியில், தாப்சா என்னும் கோயிலில், யி கப்-யோங் என்ற துறவி சாந்து பூசாமல் எழுப்பிய கற்கோபுரங்களில் சுமார் எண்பது இன்னும் புயலுக்கும் மழைக்கும் அசையாமல் நிற்கின்றன.

இவை யாவும் நம் பொருளுக்கு முன்னோடிகளே தவிர, நம் பொருள் ஆகா. பதுக்கை இறந்தவனுக்காக, படியோரத்துக் கல் வீட்டுக்காக, ஏழு கல் வெற்றிக்காக, குழந்தையின் கல் பெற்றோருக்காக. எதற்காகவும் அல்லாமல் கல்லை நிறுத்தி, நின்றதும் கையை எடுத்து, விழுந்தாலும் வருந்தாமல் எழுந்துபோகிற நிஷ்காமிய கர்மம் பிற்காலத்தது.

அந்தப் பிற்காலத்துக்கு ஒரு தலைநகரம் வேண்டுமானால் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்துப் போல்டர் நகரத்தைச் சொல்லலாம். போல்டர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே உருண்ட பாறை என்பதுதான் பொருள். கனடாவில் பிறந்த மைக்கேல் கிராப் என்பவர் 2008-ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வூர் ஓடையில் இறங்கி, முனைமேல் முனையாகக் கற்களை நிறுத்தத் தொடங்கினார். தம் கலைக்குப் புவியீர்ப்புப் பசை என்று பொருள்படும் ‘கிராவிட்டி க்ளூ’ என்ற பெயரை வைத்தார். பசையே இல்லாத கலைக்குப் பசையின் பெயர் வைத்தது, இல்லாததை இருப்பதாகச் சொல்லும் நம் வேதாந்திகளுக்கும் உவப்பான காரியம். 2015-இல், ஓடையில் கல் அடுக்குவது நகரச் சட்டத்துக்கு விரோதம் என்றும், தொடர்ந்தால் அபராதம் என்றும் போலீஸ் அதிகாரி ஒருவர் அவரை எச்சரித்தார். ஊர் மக்கள் கிளம்பி முறையிட்டார்கள். நகர நிர்வாகம் தன் கையை எடுத்துக்கொண்டது. கல்லின் பெயரையே தாங்கிய ஊரில் கல்லைத் தொடுவது குற்றமா என்ற கேள்வி இவ்வாறு தீர்ந்தது. கையெடுப்பு இயக்கத்துக்குக் கிடைத்த முதல் அரசாங்க அங்கீகாரமாக இதை நான் கருதுகிறேன்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில் பில் டான், இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் ஏட்ரியன் கிரே ஆகியோர் போவோர் வருவோர் நடுவே இக்கலையை நடத்தியவர்கள். டெக்ஸாஸ் மாகாணத்து லானோ ஆற்றங்கரையில் இதற்கு உலகப் போட்டியே நடக்கிறது. மனத்தை அடக்கும் வித்தையில் யார் முதல் என்று பந்தயம் வைப்பதிலுள்ள முரண்பாட்டை அங்கே யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

இலக்கணம்

அடுக்கு மூவகைப்படும். தட்டைக் கற்களைப் படுக்கைவாட்டில் உயரமாக அடுக்குவது ஒன்று. தோசைகளை அடுக்கும் எவரும் இதில் பாதி தேர்ச்சி பெற்றவரே. கல்லை அதன் மிகச் சிறிய முனையின்மேல் நிறுத்துவது இரண்டாவது. பார்ப்பவர் மூச்சை அடக்குவது இதற்கே. மேற்கல்லின் பாரத்தினாலேயே கீழ்க்கல் சாயாமல் நிற்கும்படி செய்வது மூன்றாவது. மருமகனை வீட்டில் நிறுத்திவைக்க மாமனாரின் கனம் உதவுவது இதற்கு லௌகிக உதாரணம்.

இவற்றுள் இரண்டாவதன் இரகசியத்தைச் சொல்லாமல் போனால் இந்நூல் வெறும் வாய்ப்பந்தலாகிவிடும். கல்லின் பாரம் முழுவதும் ஒருங்கே செயல்படுவதாகக் கொள்ளப்படும் புள்ளியை ஈர்ப்பு மையம் என்பார்கள். அதிலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு, கல் தாங்கப்படும் இடத்துக்குள் விழுந்தால் கல் நிற்கும். விரற்கடை வெளியே விழுந்தாலும் சாயும். ஆனால் முனைக்கு இடம் ஏது என்று கேட்கலாம். வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தோன்றும் முனையும், அதன் கீழ்க்கல்லும், உண்மையில் மேடுபள்ளம் நிறைந்தவை. அம்மேடுகளில் மூன்று, சின்னஞ்சிறு முக்கோணமாக, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் நிலை எங்கோ ஓரிடத்தில் உண்டு. அந்த மூன்றைத் தேடிக் கண்டடைவதுதான் கல் நிறுத்துவோரின் வித்தை முழுவதும். மழமழவென்று தேய்ந்த கூழாங்கல்லைவிடச் சொரசொரப்பான கல் எளிதில் நிற்பதற்கு இதுவே காரணம்.

பரிசோதனை

ஏட்டறிவோடு நில்லாமல் பிரத்தியட்சப் பிரமாணமும் வேண்டும் என்று கருதி, வீட்டுக் கொல்லையில் சுவர் எழுப்பி மிஞ்சிக்கிடந்த கருங்கற்களில் இரண்டைப் பொறுக்கினேன். ஒன்று தலையணைபோல் படிந்தது. மற்றது தேங்காய்ப் பருமன், ஒரு பக்கம் குறுகியது. குறுகிய முனையைக் கீழே வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்து, நெல்லிடை திருப்புவதும், விட்டுப் பார்ப்பதும், சாய்வதற்குள் பிடிப்பதுமாக அரை மணி கழிந்தது. திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை, கடைசியில் பொறுக்கமாட்டாமல் வாய் திறந்தாள்.

“என்னடா பண்றே அங்கே?”

“கல்லை நிக்க வைக்கிறேன் அத்தை.”

“மூணு கல்லு இல்லாம எந்தப் பானைடா நின்னுது? ரெண்டை வச்சுண்டு மல்லாடறியே!”

மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிய தலைமுறையின் வாக்கு அது. முனையின் அடியில் நான் தேடிக்கொண்டிருந்தது கடுகளவாகச் சுருங்கிய அந்த மூன்று கல் அடுப்பையே என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினேன். ஒரு கணத்தில் ‘டக்’ என்று, காதைவிடக் கைக்கே கேட்கும்படியான ஒரு சிறு சத்தம். உள்ளங்கையிலிருந்த கனம் கல்லுக்குள்ளேயே இறங்கிப்போயிற்று. கையை எடுக்க மனம் வரவில்லை. கல்லுக்கும் கைக்கும் நூலிடை விட்டு, மூன்று மூச்சு நேரம் அப்படியே இருந்தேன். பிறகு எடுத்தேன். கல் நின்றது.

சிறிது நேரத்தில் ஒரு காக்கை வந்து அதன்மேல் உட்கார்ந்தது. கல் விழவில்லை. காக்கை பறந்துபோயிற்று, கல் விழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் காகதாலீய நியாயம் என்று தார்க்கிகர்கள் நெடுங்காலமாகப் போதித்துவருகிறார்கள். அதற்கு எதிர்மறை உதாரணம் ஒன்று என் கொல்லையில் கிடைத்திருப்பதை அவர்களுக்கு வணக்கத்துடன் அறிவித்துக்கொள்கிறேன்.

யோகமும் அரங்கும்

இதைத் தியானம் என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அட்டாங்க யோகத்தின் எட்டு அங்கங்களும் இங்கே தாமாகவே வந்து சேர்கின்றன: பிறர் அடுக்கிய கல்லை உருவாமை இயமம், நாள்தோறும் ஆற்றுக்குப் போவது நியமம், குந்தியிருப்பது ஆசனம், கையெடுக்கையில் தானே அடங்கும் மூச்சு பிராணாயாமம், ‘இதனால் என்ன சம்பாத்தியம்’ என்று கேட்கும் உறவினரின் குரல் காதில் விழாதிருப்பது பிரத்தியாகாரம், முனையில் மனம் நிற்பது தாரணை, நின்றது நீடிப்பது தியானம், கல்லும் தானும் வேறு என்ற எண்ணம் மறைவது சமாதி. கல் கால் கட்டைவிரலில் விழும்போது அந்த வேற்றுமை உடனே மறுபடி தெரியவரும்.

அரங்கத்தின் இயல்போ வேறு. பார்வையாளர் நால்வகையினர். பசை ஒட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவர் முதல் வகை. இவர் தொட்டதும் சந்தேகமும் தீரும், கலையும் தீரும். படம் எடுத்துக்கொண்டு, கல்லைப் பார்க்காமலே போகிறவர் இரண்டாம் வகை. தூரத்திலிருந்து சிறு கல்லெறிந்து தள்ளப் பார்க்கும் சிறுவர் மூன்றாம் வகை. ஏழு கல் விளையாடிய பரம்பரை வாசனை இவர்களைத் தூண்டுகிறது. அருகே பேசாமல் உட்கார்ந்துவிடுகிறவர் நான்காம் வகை. இவர்கள் எல்லோரும் கல் நிற்பதைப் பார்க்கவே வந்ததாகச் சொல்வார்கள். எப்போது விழும் என்பதே உள்ளத்தின் ஆவல். ஆகையால் இவ்வரங்கில் அற்புத ரசமும் பயானக ரசமும் ஒரே கல்லில் உட்கார்ந்திருக்கின்றன.

பூர்வபட்சமும் சித்தாந்தமும்

இனி ஆட்சேபங்கள். மலைவழிகளில் வழிகாட்டுவதற்கென்றே வைத்த கற்குவியல்கள் உண்டு. அமெரிக்காவின் அகேடியா தேசியப் பூங்காவில், இரண்டு கல்லை அடியில் வைத்து, அவற்றின்மேல் ஒரு பலகைக்கல்லைப் பாலமாக இட்டு, உச்சியில் திசைகாட்டும் ஒரு சிறு கல்லை வைக்கும் முறையை வால்ட்ரன் பேட்ஸ் என்பவர் ஏற்படுத்தினார். அதன் பக்கத்தில் ஒருவர் தம் மன அமைதிக்காக வேறொரு குவியலை எழுப்பினால், அதை நம்பி நடப்பவர் வழிதவறுவார். ஒருவர் அடைந்த சாந்தியால் மற்றொருவர் காட்டில் அலைவது தருமமாகாது.

இதனினும் வலிய ஆட்சேபம் நீருக்கடியிலிருந்து வருகிறது. நியூயார்க் முதல் ஜார்ஜியா வரையுள்ள மலையாறுகளில் ஹெல்பெண்டர் என்னும் பிராணி வாழ்கிறது. உருவம் பல்லியை ஒத்தது, இனம் தவளைக்கு உறவு, நீளம் இரண்டடி வரை. அது பெரும்பாலும் மடிப்பு விழுந்த தன் தோலாலேயே நீரிலிருந்து சுவாசிக்கிறது. பகலெல்லாம் பெரிய தட்டைக் கல்லொன்றின் அடியில் அசையாமல் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் பெண் முட்டையிட்டுப் போனபின், ஆண் அக்கல்லடியிலேயே கிடந்து முட்டைகளைக் காவல் காக்கிறது. முப்பது ஆண்டுகள்கூட வாழக்கூடியது. கல் அடுக்குவோர் ஆசையோடு தேடுவதும் இதே தட்டைக் கல்லைத்தான். நாம் மன அமைதிக்காகக் கல்லைத் தூக்கும்போது, நம்மினும் மேலான யோகி ஒருவரின் கூரையைப் பிரிக்கிறோம் என்பது பூர்வபட்சத்தார் வாதம். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஆகையால் இதையே சித்தாந்தமாக ஏற்றுக்கொள்கிறேன்.

அதன்படி கையெடுப்போர் மூவர். கல்லை அடுக்கி, படம் பிடித்துக்கொண்டு, அப்படியே விட்டுப்போகிறவர் கடையர். அடுக்கிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கல்லையும் எடுத்த குழியிலேயே, கீழிருந்த பக்கம் கீழாகவே திரும்ப வைத்துவிட்டுப் போகிறவர் இடையர். ஆற்றங்கரையில் உட்கார்ந்து, கிடக்கும் கல்லைக் கிடந்தபடியே பார்த்து, அதை நோக்கிக் கையெடுத்துவிட்டு வீடு திரும்புகிறவரே தலையாயவர். கையெடுத்தல் என்னும் சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாவது இவரிடத்தில்தான். கல்லுக்குள் இருக்கும் தேரைக்குப் படியளக்க ஆண்டவன் இருக்கிறான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கல்லுக்கடியில் இருப்பதற்கு நாம் படியளக்க வேண்டியதில்லை, கல்லை எடுக்காமல் இருந்தால் போதும்.