எல்லும் ஐயும் தானுங்க வருது

2001இல் நான் வேலை பார்த்த கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியில், சர்வர் ரூமுக்குள் செருப்போடு போகக் கூடாது. முதலாளியே வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். மொத்தத் தொழிற்சாலையிலும் ஏ.சி. இருந்த அறைகள் இரண்டு. ஒன்று அவருடையது, இன்னொன்று சர்வருடையது. ஆயுத பூஜைக்கு லேத்துக்கு வைக்கிற அதே சந்தனமும் குங்குமமும் சர்வருக்கும் உண்டு. ஆனால் லேத்தை அன்றைக்கு நிறுத்திவைப்பார்கள், சர்வரை நிறுத்தமாட்டார்கள். நிறுத்தினால் மறுபடி எழுந்திருக்குமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இந்தப் பயத்தைத்தான் நாங்கள் சாதனையாக வெளியே காட்டிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை தோறும் மானேஜர் வந்து, “அப்டைம் எத்தனை நாளுங்க?” என்று கேட்பார். ஆடிட்டர் வந்தால் அவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, கூட்டிவந்து காட்டுவார். அப்டைம் என்பது சர்வர் அணையாமல் ஓடிய காலம். அன்றைய லினக்ஸ் அதை நொடிக்கு 100 வீதம் கூட்டிக்கூட்டி ஒரு 32 பிட் எண்ணில் கணக்கு வைத்திருந்தது. 497 நாள் ஆனதும் அந்த எண் நிரம்பி வழிந்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் அணையாமல் ஓடிய சர்வர் நேற்று ஆன் செய்தது மாதிரி நிற்கும். இதை மானேஜரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 496ஆவது நாள் மறக்காமல் ஒரு பிரிண்ட் எடுத்து வைக்கச் சொன்னார்.

எங்கள் சர்வர் அந்த வயதை எட்டவில்லை. ஓர் ஐப்பசி மழை ராத்திரி, சம்பளம் போடுவதற்கு முந்தின நாள், கரண்ட் போனது. யு.பி.எஸ். தன்னால் முடிந்தவரை தாங்கிவிட்டு ஓய்ந்தது. ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் லீவு. விடிவதற்குள் கரண்ட் வந்துவிட்டது, சர்வர் வரவில்லை. வாட்ச்மேன் அண்ணன் என் வீட்டுக்கு போன் செய்தார்.

“ஏனுங்க சார், கம்ப்யூட்டர் எந்திரிக்க மாட்டேங்குதுங்க.”

“ஸ்கிரீன்ல என்னங்கண்ணா தெரியுது?”

“எல்லும் ஐயும் தானுங்க வருது. அதுக்கு மேல வர மாட்டேங்குது.”

லாரி நம்பர்களை கேட் ரிஜிஸ்டரில் எழுதி எழுதி அவருக்கு ஆங்கில எழுத்துகள் அத்துபடி. அவர் சொன்ன இரண்டு எழுத்திலேயே வியாதி பிடிபட்டுவிட்டது. ‘லைலோ’ என்று அன்றைக்கு ஒரு பூட் லோடர் இருந்தது. டிஸ்க்கிலிருந்து லினக்ஸைத் தேடி எடுத்து ஓடவிடுவது அதன் வேலை. வேலையில் ஒவ்வொரு கட்டம் தாண்டியதும் தன் பெயரின் ஓர் எழுத்தைத் திரையில் எழுதும். நான்கு எழுத்தும் வந்துவிட்டால் ஷேமம். ‘எல்’லோடு நின்றால் ஒரு கோளாறு, ‘எல், ஐ’யோடு நின்றால் வேறொரு கோளாறு. இரண்டாவதற்குப் பொருள்: முதல் பகுதி இரண்டாவது பகுதியைக் கொண்டுவந்துவிட்டது, ஆனால் ஓட்ட முடியவில்லை. எதற்கெடுத்தாலும் “ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, சற்று நேரம் கழித்து முயலவும்” என்று குழைகிற இன்றைய திரைகளைப் பார்க்கும்போதெல்லாம், அந்த இரண்டு எழுத்தின் நேர்மைமீது எனக்கு மரியாதை கூடுகிறது.

காரணமும் சுலபம்தான். லைலோவுக்குக் கோப்புகளின் பெயர் தெரியாது. டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் குறித்து வைத்திருக்கும். கோப்பு இடம் மாறினால் நாம் மறுபடி லைலோ கட்டளையை ஓட்டி, புது இடத்தைக் குறித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், வீடு மாறிய சொந்தக்காரருக்குப் பழைய விலாசத்திலேயே பத்திரிகை வைக்கப் போகும். மூன்று மாதம் முன்பு ஏ.எம்.சி. இன்ஜினியர் ஒருவர் வந்து, எதையெதையோ அப்டேட் செய்து, டீ குடித்து, சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தார். அந்தக் கட்டளையை அவர் ஓட்டவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குப் பூட் லோடரால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை; ஆகவே மூன்று மாதமும் அது செத்துப்போனது யாருக்கும் தெரியவில்லை, மானேஜர் பெருமையாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார். பழி மழைமேல் விழுந்தது.

ரீபூட்டால் கெட்டுப்போகும் சர்வர்கள் உண்டுதான், ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் அது எப்போதோ கெட்டதைத் தேதி மாற்றி அறிவிக்கிறது. கூடுகிற ஒவ்வொரு அப்டைம் நாளும், சோதித்துப் பார்க்காத மாற்றங்களின் பாக்கியில் ஒரு நாள்.

வைத்தியம் பூட் ஃப்ளாப்பியில் இருந்தது. ஃப்ளாப்பி இரும்பு பீரோவில் இருந்தது. பீரோ சாவி மானேஜரிடம் இருந்தது. மானேஜர் பழனியில் இருந்தார். அவர் திரும்பி வந்து பீரோவைத் திறந்தபோது முதல் ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்திருந்தது, இரண்டாவது வேலை செய்தது. லைலோ என்று நான்கு எழுத்து தட்டினேன். அவ்வளவுதான். அப்புறமும் உடனே எழுந்துவிடவில்லை. ஒழுங்காக அணைக்கப்படாததால் டிஸ்க் முழுவதையும் சரிபார்க்கத் தொடங்கியது. திரையில் சதவீதம் ஏற ஏற, சம்பளம் போட வேண்டிய அக்கவுண்ட்ஸ்காரர்கள் வெறுங்காலோடு உள்ளே வந்து, டீ வரவழைத்து, நின்றபடியே பார்த்தார்கள். அவர்களும் புரொடக்‌ஷன் ஆட்களும் சண்டை போடாமல் ஒரே அறையில் இருந்து நான் பார்த்தது அன்றுதான். அந்த வருஷம் நவம்பரில் இஎக்ஸ்டி3 என்கிற கோப்பு முறைமை லினக்ஸ் கர்னலில் சேர்ந்தது. செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கிற ஏற்பாடு அது. எதிர்பாராமல் அணைந்தாலும் குறிப்பைப் பார்த்துச் சில நொடிகளில் சமாளித்துவிடும். பெரிய முன்னேற்றம். டீ நின்றது.

இப்போது சரவணம்பட்டியில் வேலை பார்க்கிறேன். சர்வர் ரூம் கிடையாது, செருப்பு காலிலேயே இருக்கிறது. சர்வர் ஏதோ ஒரு க்ளவுட்டில், ஏதோ ஒரு ஊரில். குங்குமம் வைக்க இடமில்லாததால் ஆயுத பூஜைக்கு லேப்டாப் மூடிமேல் வைக்கிறோம். அப்டைம் பற்றி யாராவது பேசினால் பையன்கள் சிரிப்பார்கள். கர்னல் அப்டேட் வந்ததா, ரீபூட் செய்துவிட்டு சாப்பிடப் போய்விடுவார்கள். சமீபத்தில் ஒருநாள் போனவன் சாப்பிடாமல் திரும்பி வந்தான்.

“அண்ணா, சர்வர் வரல.”

“ரீபூட் பண்ணிப் பாத்தியா தம்பி?”

“பண்ணதாலதான்ணா வரல.”

திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். வாய் தவறித்தான். திரை என்று எதுவும் இல்லை. கேட்டால் க்ளவுட் ஒரு போட்டோ எடுத்துக் கொடுக்கும். போட்டோவில், சர்வர் ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருந்தது. எழுந்ததும் எந்த டிஸ்க்கை எங்கே மாட்டிக்கொள்வது என்கிற பட்டியல் ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் இருக்கும். யாரோ எதையோ மாற்றும் வேலைக்காகத் தற்காலிகமாக ஒரு டிஸ்க்கை மாட்டி, பட்டியலில் ஒரு வரி சேர்த்து, வேலை முடிந்ததும் டிஸ்க்கை மட்டும் அழித்துவிட்டார். வரி இருந்தது. ‘நோஃபெயில்’ என்று ஒரு சொல் அந்த வரியில் இருந்திருந்தால், கிடைக்காவிட்டால் போகட்டும் என்று சர்வர் மேலே போயிருக்கும். சேர்த்தவர் இப்போது வேறு கம்பெனியில் நல்ல பதவியில் இருக்கிறார்.

வராத டிஸ்க்குக்கு 90 நொடி காத்திருந்துவிட்டு, சர்வர் அவசர நிலைக்குப் போனது. அந்த நிலையில் ரூட் பாஸ்வேர்டு கேட்கும். பாதுகாப்பு கருதி ரூட்டுக்கு பாஸ்வேர்டே வைக்காமல் பூட்டியிருந்தோம். அதையும் அதுவே கண்டுபிடித்து, ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் உள்ளே விட முடியாது, தொடர என்டரை அழுத்தவும் என்று எழுதியிருந்தது. 2001இல் மானேஜர் சாவியோடு பழனிக்குத்தான் போயிருந்தார். இங்கே சாவியே செய்யப்படவில்லை. போட்டோவில் என்டரை எங்கே அழுத்துவது?

எதிரில் ஆளில்லாத இயந்திரங்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 உலகத்துக்கே காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் கோளாறான அப்டேட் ஒன்று நம் நேரப்படி காலை 9.39க்குக் கிளம்பி, 10.57க்குத் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத் திரையில் விழுந்தன என்றது மைக்ரோசாஃப்ட். விழுந்தவை தாமே ரீபூட் ஆகி, மறுபடி விழுந்தன. தீர்வு? ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் எழுப்பி ஒரு கோப்பை அழிப்பது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதற்குமுன் 48 இலக்கச் சாவியைத் தட்ட வேண்டும். சில இடங்களில் அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் படுத்துவிட்டது. க்ளவுட்டில் இருந்தவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன யோசனைகளில் ஒன்று, திரும்பத் திரும்ப ரீபூட் செய்து பார்ப்பது; 15 முறை வரை தேவைப்பட்டதாகச் சிலர் தெரிவித்திருக்கிறார்களாம். நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள்.

தம்பி கலங்கவில்லை. “இதை எதுக்குண்ணா ரிப்பேர் பண்ணணும்? டெலிட் பண்ணிட்டுப் புதுசு எழுப்பிக்கலாம்.” இந்தத் தலைமுறையின் வைத்திய முறை இது, பல நேரம் நல்ல முறையும்கூட. அழித்தான். அச்சில் வார்த்தது போன்ற புதிய சர்வர், பழையதை அப்படியே நகலெடுத்து வைத்திருந்த இமேஜிலிருந்து பிறந்தது. இமேஜ் எடுக்கப்பட்டது அந்த வரி சேர்ந்த பிறகு. புதியதும் 90 நொடி காத்திருந்து, என்டரை அழுத்தச் சொன்னது. சர்வர்களின் உடல்நலம் பார்க்கும் தானியங்கி ஏற்பாடு இதைக் கவனித்து, நோயாளி என்று தீர்மானித்து, கொன்றுவிட்டு அடுத்ததை எழுப்பியது. அதுவும் காத்திருந்தது. அதையும் கொன்றது. எழுதிக் கொடுத்தபடி எல்லாம் சரியாகவே நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் பழைய முறைக்கே வந்தோம். தானியங்கியை நிறுத்தி, செத்த சர்வர் ஒன்றின் டிஸ்க்கைக் கழற்றி, உயிரோடிருந்த இன்னொன்றில் மாட்டி, அந்த வரியை நீக்கி, திரும்ப மாட்டி எழுப்பினோம். கழற்றியது மாட்டியது எல்லாம் மவுஸால்தான். எழுந்ததும் தம்பி அதை இன்னொரு தடவை ரீபூட் செய்துபார்த்தான். 2001இல் எங்களுக்கு அந்தத் தைரியம் வந்ததில்லை.

மாதம் முடிந்ததும் அக்கவுண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் க்ளவுட் பில்.

“ஒரே நாள்ல எதுக்குங்க இத்தனை சர்வர் வாங்குனீங்க?”

“அதெல்லாம் எந்திரிக்கவே இல்லீங்க மேடம்.”

“எந்திரிக்காததுக்கு எதுக்குங்க காசு?”

“எந்திரிக்கப் பாத்துச்சில்லீங்க, அதுக்கு” என்றான் தம்பி.