கானாவிலக்கு ரொம்ப தூரம்

2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நோயாளிகள் தவிக்கிறார்களே என்று அரசு கண்கலங்கியது. பணிக்கு வராதவர் இடம் காலியிடமாகிவிடும் என்று மிரட்டவும் செய்தது. தவிப்பு கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதா என்ன? கூடலூர்க்காரர் பெரிய வைத்தியத்துக்குக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி தாண்டித் தேனி மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். அதுவோ தேனியையும் தாண்டி, ஆண்டிபட்டிப் பக்கம் கானாவிலக்கில் இருக்கிறது. வேலைநிறுத்தம் செய்து ஏழைகளின் உயிரோடு விளையாடலாமா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அன்று அவசர சிகிச்சையை மருத்துவர்கள் நிறுத்தவில்லை. நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ப மருத்துவர் பணியிடம் வேண்டும் என்பதே கோரிக்கைகளில் ஒன்று. ஆளைக் கூட்டுங்கள் என்றவர்களிடம் போய், ஆளில்லாவிட்டால் மக்கள் கதி என்னவென்று கேட்பது தனித் திறமை. போராட்டம் எட்டாம் நாள் முடிந்தது. கானாவிலக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.