கவர்ச்சியான விளம்பரத்துக்கு 5 மார்க்

2000-களில் தென்மாவட்டக் கிராமங்களில் ஒரு நோட்டீஸ் சுற்றியது. திருப்பூர், கோவை, திண்டுக்கல் வட்டார மில்களுக்குப் பெண் பிடிக்கும் நோட்டீஸ். பெயர் சுமங்கலித் திட்டம். மூன்று வருடம் வேலை; தங்குமிடம், சாப்பாடு; முடிவில் கல்யாணத்துக்கு 30,000, 50,000 என்று மொத்தமாகக் கையில். மஞ்சள் குங்குமத்தோடு வந்த வேலையை எந்த அப்பன் வேண்டாம் என்பான்?

கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அந்தப் பணம் முதலாளி வைத்த மொய் அல்ல. அவள் கூலியிலேயே பிடித்து வைத்தது. காய்ச்சலில் விழுந்து பாதியில் ஊர் திரும்பிய பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. ‘பாதுகாப்பான விடுதி’ என்றால், நினைத்தபோது வெளியே போக முடியாது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் அடியில் அச்சேறாத ஒரு வரி: காசு இல்லாமல் உன்னை எவனும் கட்ட மாட்டான். வரதட்சணை குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்தாயிற்று. குற்றத்துக்குத் தவணைத் திட்டம் போட்டவர்கள் நம்மவர்கள்!

உள்ளூரில் கத்தியவர்கள் குரல் எடுபடவில்லை. மே 2011-ல் நெதர்லாந்திலிருந்து இந்தத் திட்டத்தைப் பற்றி அறிக்கை வந்ததும் வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் திடீரென்று நெஞ்சு வலித்தது.

அதே வருடம் ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, இதேபோல் பாதியை மறைத்த இன்னொரு வாதம் கிளம்பியது. லட்சக்கணக்கானோர் பிழைப்பு போகுமாம். போனது உண்மைதான். நொய்யல் ஆறு சாயக்கழிவானபோது ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிக்குப் போன பிழைப்பை மட்டும் அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

இதையெல்லாம் அலசப் பள்ளிக்கூடம் சொல்லித் தரக் கூடாதா? தருகிறதே, தலைகீழாக. நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ஒரு கேள்வி: குறிப்புகளைக் கொண்டு கவர்ச்சியான விளம்பரம் தயாரி. 5 மதிப்பெண். பெட்டி கட்டி, கடைப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, தள்ளுபடியை நட்சத்திரத்துக்குள் அடைத்தால் ஆயிற்று. தமிழ்க் கட்டுரைக்கோ முன்னுரை முதல் முடிவுரை வரை குறிப்பை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை சொந்தமாக எதையாவது நினைத்துத் தொலைத்தால்? பட்டிமன்றத்தில் எந்த அணி என்பதை வாத்தியார் முடிவு செய்வார். பேச்சும் அவரே எழுதித் தருவார்.

ஒரு நோட்டீஸைக் கொடுத்து, இதனால் யாருக்கு லாபம், இதில் எதை மறைத்திருக்கிறார்கள், எதற்கு ஆதாரம் இல்லை என்று கேட்டு 5 மதிப்பெண் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நிறையக் குறையும். அப்படிப் படித்தவள் மில் புரோக்கரிடம் சம்பளச் சீட்டு கேட்பாள். ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் கட்டும் பள்ளியிடம், ஒன்பதாம் வகுப்பிலேயே எத்தனை பேரைக் கழித்துவிட்டீர்கள் என்பாள். ஓட்டு கேட்டு வருகிறவரையும் விடமாட்டாள்.

அதனால்தான் அந்தக் கேள்வி வராது.