நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள்

2018 ஆகஸ்ட் 9 அன்று ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் ஐகியா தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. நாலு லட்சம் சதுர அடி. பலகையாகக் கட்டித் தருவோம், வீட்டுக்குப் போய் நீங்களே அலமாரியாகப் பூட்டிக்கொள்ளுங்கள் என்பது ஸ்வீடன்காரர்களின் சித்தாந்தம். கூலி மிச்சம், விலையும் குறைவு. ஊர் திரண்டு வந்தது. ஆயிரம் பேர் உட்காரும் உணவகத்தில் 99 ரூபாய் வெஜிடபிள் பிரியாணியைச் சாப்பிட்டது. கையைக் கழுவிக்கொண்டு, "பூட்டித் தர ஆள் வருமா?" என்று கேட்டது.

வரும். ஸ்வீடன்காரர்கள் விவரமானவர்கள், பூட்டித் தருவதற்கென்றே, வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் அர்பன்கிளாப் நிறுவனத்தோடு கைகோத்திருந்தார்கள். சித்தாந்தம் பெட்டிக்குள் ஒரு குட்டி அலென் சாவியாகப் பத்திரமாக இருந்தது.

சிரிக்க எனக்கு அருகதை கிடையாது. ராணிகஞ்சில் ஆசையாக வாங்கிய டிரில் மிஷின் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒரே கடிகாரத்துக்காக நாலு ஓட்டை போட்டேன். மூன்றை மறைக்கக் காலண்டர் வாங்கினோம். காலண்டருக்கு ஆணி வேண்டுமே? வட்ரங்கியை, அதாவது தச்சரை, கூப்பிட்டோம். வந்தவர் தன் மிஷினைக் கொண்டுவரவில்லை. என்னுடையதை இரவல் வாங்கி, இரண்டு நிமிடத்தில் முடித்து, முந்நூறு ரூபாய் கேட்டார்.

போகும்போது சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "மிஷின் மஞ்சிதே சார்" (மிஷின் நல்லதுதான் சார்) என்றார்.