கொட்டாவி விட்டால் கார் சத்தம் போடும்

ஓட்டுநர் கண் சொக்கினால் எச்சரிக்கும் கருவி, 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுக் கார்களுக்கெல்லாம் கட்டாயம். ஜொகூரில் ஓடும் புதுக் கார்கள் சிலவற்றிலும் அது வந்துவிட்டது. மாசாயில் விடிகாலை நான்கு மணிக்குச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பி, 1924இல் திறந்த ஒரு கிலோமீட்டர்ப் பாலத்தில் நத்தையாய் ஊர்பவரிடம், "களைப்பாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள்" என்று கோப்பிக் குவளைப் படம் காட்டிக் கூவுகிறது. முன்னே லாரி, பின்னே பஸ், எங்கே நிறுத்துவதாம்? தூக்கம் ஏன் கெட்டது என்று மட்டும் கேட்காது. இக்கரையில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அக்கரைச் சிங்கப்பூர் டாலர் ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அதைக் கணக்குப் போட எந்தக் கருவியும் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள்: ஹெல்மெட்டுக்குள் விடும் கொட்டாவியை யாரும் போட்டுக்கொடுப்பதில்லை, இன்னும்.